மரபணு மாற்றுக் காய் என்று பயந்து கத்தரிக்காயை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். மகளுக்கு 8 வயது. பள்ளியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.4 என்று சொன்னார்கள். இதற்கு நடுவில் என் கணவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது, உடம்பெல்லாம் கட்டியோடு எலிகளைக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து கத்தரிக்காய், தக்காளி, பப்பாளி, ஸ்வீட் கார்ன், மீல்மேக்கர் எல்லாமே மரபணு மாற்றியது, கேன்சர் வரும் என்று வாங்குவதையே நிறுத்திவிட்டார். ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்கள் என்று அதையும் பொறுக்கிப் போடுகிறோம். மாமியார் இன்சுலின் போடுகிறவர், அவருக்கும் இதே சாப்பாடுதான். நாங்கள் செய்வது சரியா?

பதில்: முதலில் அந்த 9.4-ஐப் பேசிவிடுவோம், வீடியோவை அப்புறம் பார்க்கலாம். கடிதத்தில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. 8 வயதுக் குழந்தைக்கு 11.5-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 9.4 என்றால் நடுத்தர அளவு, சும்மா பேரீச்சம்பழம் கொடுத்துச் சரிசெய்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது. பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கிற ரோஸ் கலர் மாத்திரை ரத்தசோகை வராமல் தடுக்கத்தான், வந்துவிட்ட பிறகு அது போதாது. எடைக்குத் தகுந்த அளவில் தினமும் இரும்புச்சத்து மருந்து, கூடவே ஒரு குடற்புழு மாத்திரை, இரண்டையும் பக்கத்தில் உள்ள குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். பிள்ளைக்குச் சாப்பாட்டோடு டீ கொடுக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள், இரும்பை உடம்பு எடுக்க விடாது.

இந்த நிலைமையில் இருக்கிற குழந்தையின் தட்டிலிருந்து நான்கு காய் பழங்களை எடுத்துவிட்டீர்கள். மீல்மேக்கரையும் எடுத்தாயிற்று. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, அந்தப் பட்டியல். நம் நாட்டில் அரசு அனுமதியோடு வயலில் பெரிய அளவில் விளைகிற மரபணு மாற்றுப் பயிர் ஒன்றே ஒன்றுதான், பி.டி. பருத்தி, அதாவது புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை உள்ளே வைத்த பருத்தி. 2002-ல் வந்தது. கத்தரிக்காயை மாற்றினார்கள், அது உண்மை, கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் அந்த வேலை நடந்தது. ஆனால் 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார், இன்று வரை நின்றபடிதான் இருக்கிறது. 2019-ல் ஹரியானாவில் ஒரு இடத்தில் திருட்டுத்தனமாகப் பயிரிட்டதைக் கண்டுபிடித்து அழித்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அதற்காக நம் உழவர் சந்தையில் கூறுகட்டி வைத்திருக்கிற கத்தரிக்காயெல்லாம் பி.டி. ஆகிவிடாது.

தக்காளி? ஹைபிரிட். ஹைபிரிட் வேறு, மரபணு மாற்றம் வேறு, இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் போட்டதுதான் அந்த வீடியோ செய்த பெரிய குழப்பம். ஒரே இனத்தில் இரண்டு ரகத்தை எடுத்து ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றில் சேர்த்தால் ஹைபிரிட். பாக்டீரியா மாதிரி வேறொரு உயிரில் இருக்கிற ஒரு மரபணுவை ஆய்வுக்கூடத்தில் வெட்டி எடுத்துச் செடிக்குள் வைத்தால் அது மரபணு மாற்றம். நம்மூர் மாந்தோப்பில் ஒட்டுக் கட்டுகிறார்களே, அது இரண்டிலும் சேராது. கடையில் பார்க்கிற ரெட் லேடி பப்பாளி தைவானிலிருந்து வந்த ஹைபிரிட், மரபணு மாற்றிய பப்பாளி இருப்பது ஹவாய் தீவில், வைரஸ் நோயில் தோப்பெல்லாம் அழிந்துகொண்டிருந்தபோது 1998-ல் அங்கே கொண்டுவந்தார்கள். ஏற்காடு ஏரிக்கரையில் கப்பில் வெண்ணெய் போட்டுக் கொடுக்கிற ஸ்வீட் கார்னும் மரபணு மாற்றியது இல்லை, சர்க்கரை மாவாக மாறாமல் நின்றுபோன ஒரு இயற்கையான மாற்றத்தைப் பிடித்து வளர்த்த சோளம். (அந்த வெண்ணெயைப் பற்றி எனக்குச் சில கேள்விகள் உண்டு, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) மீல்மேக்கர் செய்கிற சோயாவும், நம் நாட்டில் விளைவது மரபணு மாற்றாததுதான்.

ரேஷன் அரிசியில் நீங்கள் பொறுக்கிப் போடுகிறீர்களே, அதைப் படித்தபோதுதான் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அது பிளாஸ்டிக் இல்லையம்மா, செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து, திரும்ப அரிசி வடிவத்தில் அழுத்தி எடுத்து, 100 கிலோவுக்கு ஒரு கிலோ என்று கலக்கிறார்கள். எடை குறைவு, அதனால் களையும்போது மிதக்கும், நிறமும் கொஞ்சம் மாறித் தெரியும். தலசீமியா, சிக்கிள் செல் மாதிரி ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ரத்தசோகை இருக்கிற பிள்ளைக்கு வந்த இரும்பைக் கையாலேயே பொறுக்கித் தூர எறிந்திருக்கிறீர்கள், இன்றோடு அதை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் மரபணு மாற்றியது எதுவுமே நம் வீட்டுக்குள் வரவில்லையா என்றால், வருகிறது, யாரும் பார்க்காத வழியாக வருகிறது. கொங்கணாபுரம் ஏலத்துக்கு வருகிற பருத்தியைப் பாருங்கள், நாட்டில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி.தான். பஞ்சு மில்லுக்குப் போகும், கொட்டை எண்ணெய்க்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகும். பருத்தி விதை எண்ணெய் வனஸ்பதியிலும் கலவை எண்ணெய்களிலும் சேர்கிறது. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிற சோயா எண்ணெய் பெரும்பாலும் மரபணு மாற்றிய சோயாவில் எடுத்தது. கோழித் தீவனத்துக்கு என்று 2021-ல் 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசே அனுமதித்தது. இதில் பயப்பட என்ன இருக்கிறது? சுத்திகரித்த எண்ணெயில் புரதமும் மரபணுவும் ஏறக்குறைய இருக்காது, வெறும் கொழுப்புதான். தீவனம் தின்ற கோழியின் முட்டையிலும் அந்த மரபணு வந்து உட்கார்ந்துகொள்ளாது. எந்தச் சாப்பாட்டிலும் மரபணு உண்டு, தினமும் கீரையின் மரபணுவையும் ஆட்டின் மரபணுவையும் செரித்துக்கொண்டுதான் இருக்கிறோம், யாருக்கும் கொம்பு முளைக்கவில்லை.

உங்கள் மாமியாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் போட்டுக்கொள்கிற மனித இன்சுலின் எப்படித் தயாராகிறது தெரியுமா? மனிதனின் இன்சுலின் மரபணுவை ஒரு பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ வைத்து, அதைப் பெருக்கி எடுக்கிறார்கள். 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதற்கு முன்னால் மாடு, பன்றியின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். உங்கள் கணவர் இதைக் கேட்டுவிட்டு அந்த ஊசியையும் நிறுத்திவிடக் கூடாது, அதனால் இந்தப் பத்தியைக் கொஞ்சம் பக்குவமாகப் படித்துக் காட்டுங்கள்.

இனி அந்த எலி. அது 2012-ல் பிரான்சில் செராலினி என்பவர் குழு வெளியிட்ட ஆய்வின் படமாக இருக்க வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்ட எலி ரகத்துக்கு வயதானால் தானாகவே கட்டி வரும், சும்மா சோறு போட்டு வளர்த்தாலும் வரும். ஒவ்வொரு குழுவிலும் பத்துப் பத்து எலி. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று அந்த ஆய்வை வெளியிட்ட இதழே 2013-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, பிறகு வேறொரு இதழில் வந்தது. படம் மட்டும் இன்னும் போன் போனாகச் சுற்றுகிறது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாதமி 2016-ல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, விற்பனையில் உள்ள மரபணு மாற்று உணவைச் சாப்பிட்டதால் கேன்சரோ வேறு நோயோ கூடியதற்குச் சான்று இல்லை என்றுதான் சொன்னது.

ஆனால் எல்லாம் சுத்தம், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள் என்று எழுத என் கை வராது. ஒவ்வாமை உண்மையான கவலை. 1990-களில் சோயாவில் சத்தைக் கூட்ட பிரேசில் நட்டின் மரபணுவை வைத்தார்கள், சோதித்துப் பார்த்தால் பிரேசில் நட் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தச் சோயாவும் ஒத்துக்கொள்ளவில்லை, கடைக்கு வருவதற்கு முன்பே கைவிட்டார்கள். சோதனை வேலை செய்தது என்றும் சொல்லலாம், சோதிக்காமல் விட்டிருந்தால் என்று யோசித்தும் பார்க்கலாம். 2000-ல் அமெரிக்காவில் மனிதர் சாப்பிட அனுமதிக்காமல் கால்நடைத் தீவனத்துக்கு அனுமதித்த ஒரு மரபணு மாற்று மக்காச்சோளம் மனிதர் தின்கிற பண்டங்களில் கலந்து, அந்தப் பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அலர்ஜி வந்ததாகச் சொன்னவர்களைப் பரிசோதித்ததில் அந்தப் புரதம்தான் காரணம் என்று தெரியவில்லை, இருந்தாலும் தனித்தனியாக வைக்க வேண்டியது கலந்துவிடும் என்பது அன்றைக்குத் தெரிந்தது. களைக்கொல்லியைத் தாங்குகிற பயிர்களில் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாராளமாக அடிக்கிறார்கள், அதை உலக சுகாதார நிறுவனத்தின் கேன்சர் ஆய்வு அமைப்பு 2015-ல் கேன்சர் வரவழைக்க வாய்ப்புள்ளது என்ற வரிசையில் வைத்தது. இங்கே சந்தேகம் மரபணு மேல் இல்லை, மருந்தின் மேல்.

மருந்து என்றதும் ஒரு ராத்திரி நினைவுக்கு வருகிறது. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, கத்தரி வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்த இருபத்தைந்து வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சட்டை முழுக்க நனைந்து அந்த வாடை, வாயில் நுரை, கண்ணின் பாப்பா ஊசி முனை அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. விடிய விடிய அந்த விஷத்துக்கு மாற்று மருந்தான அட்ரோபினை ஏற்றிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் மனைவி திறக்காத தூக்குச்சட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். பிழைத்துக்கொண்டான். கத்தரியில் காய்ப்புழு தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும், அதனால்தான் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். பி.டி. கத்தரியின் நன்மை என்று சொன்னது இதைத்தான், செடியே புழுவைக் கொல்லும் புரதத்தைச் செய்துகொண்டால் மருந்து அடிப்பது குறையும். அந்தப் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் வேலை செய்யும், நம் வயிற்று அமிலத்தில் சீக்கிரமே செரித்துப்போகும். 2014-லிருந்து பங்களாதேஷ் விவசாயிகள் பயிரிடுகிறார்கள், அங்கே மருந்து குறைந்திருக்கிறது. ஆனால் பருத்தியில் என்ன ஆயிற்று, இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிக்கொண்டது, திரும்பவும் மருந்துக் கேனைத் தூக்க வேண்டியதாகிவிட்டது. விதை யார் கையில் இருக்கும் என்ற சண்டை தனி, அதில் எனக்கும் விவசாயிகள் பக்கம்தான் சாய்வு. மரபணு மாற்றியது என்றால் பாக்கெட்டில் எழுதிப் போடு, வாங்குகிறவன் முடிவு செய்யட்டும் என்று கேட்பதும் நியாயம். அதற்காக, இல்லாத பி.டி. கத்தரிக்காயைப் பார்த்து உங்கள் வீட்டில் பயந்துகொண்டிருக்க வேண்டாம்.

இயற்கை என்றால் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கில் மரபணுவை யாரும் மாற்றவில்லை, ஆனால் கசப்பு ரகத்தைச் சரியாக வேக வைக்காமல் தின்றால் சயனைடு. தோல் சீவி, துண்டு போட்டு, மூடாமல் வேக வைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டு என்று பாட்டிகள் சொன்னது அதனால்தான். பருத்திக்கொட்டையில் கோசிபால் என்ற நஞ்சு காலங்காலமாக இருக்கிறது, பி.டி. வருவதற்கு முன்பும் இருந்தது.

எதில் கவனம் வைக்கலாம் என்று கேட்டால், காயைக் கழுவுவதில். சந்தையில் ஒரு அம்மாவிடம் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னார், "ஒரு சொத்தைகூட இல்லைன்னா யோசிங்க சார், மருந்து நல்லா விழுந்திருக்கும்." அன்றிலிருந்து இரண்டு சொத்தை கிடந்தால் நான் முகம் சுளிப்பதில்லை. ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவி, கொஞ்ச நேரம் உப்புத் தண்ணீரில் போட்டெடுங்கள், மேலே இருப்பதில் ஒரு பங்கு போகும், உள்ளே இறங்கியது போகாது. மாம்பழம் சீசனில் கல் வைத்துப் பழுக்க வைத்ததாகத் தெரிந்தால் வாங்காதீர்கள், கார்பைடு கல்லுக்குச் சட்டப்படியே தடை.

பிள்ளைக்கு முருங்கைக்கீரை, முட்டை, வாரம் ஒருநாள் முடிந்தால் ஈரல், மதியச் சாப்பாட்டோடு பாதிக் கொய்யா. பப்பாளியும் திரும்ப வரட்டும். மருந்து ஆரம்பித்து நான்கு வாரம் கழித்து ரத்தத்தைத் திரும்பப் பாருங்கள், 9.4 குறைந்தது 10.4-ஆகவாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மருந்தைக் கூட்டிக்கொண்டே போகாமல், காரணம் வேறு என்று தேடச் சொல்லுங்கள், அப்போது உங்கள் கணவரும் கூட வந்தால் நல்லது.