கலிஃபோர்னியா வாக்குச்சீட்டு: எதை நிரப்ப வேண்டும், எதை விடலாம், எங்கே சறுக்கும்

கேள்வி: "சன்னிவேலில் இருக்கிறோம். எனக்குக் குடியுரிமை கிடைத்து இதுதான் முதல் தேர்தல். தபாலில் வாக்குச்சீட்டு வந்திருக்கிறது. கவர்னர், காங்கிரஸ், கன்ட்ரோலர், நீதிபதிகள், பள்ளி வாரியம், ப்ரொபொசிஷன்கள் என்று பக்கம் பக்கமாக நீள்கிறது. எல்லாவற்றையும் நிரப்பாவிட்டால் செல்லாமல் போய்விடுமா? ஒரு போட்டியில் இரண்டு பேருமே ஒரே கட்சி என்று போட்டிருக்கிறதே, அச்சுப்பிழையா? என் கையெழுத்தும் டிரைவிங் லைசென்ஸில் ஒரு மாதிரி, இப்போது ஒரு மாதிரி. கணவர் இன்னும் கிரீன் கார்டில்தான் இருக்கிறார். அவருக்கு இதனால் ஏதாவது சிக்கல் வருமா?"

பதில்: நிரப்பாமல் விட்டதால் எந்த வாக்குச்சீட்டும் செல்லாததாகிவிடாது. உங்களுக்குத் தெரிந்த மூன்று பதவிகளுக்கு மட்டும் வாக்களித்துவிட்டு மற்றதைக் காலியாக விட்டாலும் அந்த மூன்றும் எண்ணப்படும். ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் இருவரைக் குறித்துவிட்டால் அந்தப் போட்டி மட்டும்தான் கெடும், மற்றவை அப்படியே நிற்கும். தவறாகக் குறித்துவிட்டோம் என்று தோன்றினால் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) தேர்தல் அலுவலகத்தில் மாற்றுச் சீட்டு கேட்டு வாங்கலாம்.

உண்மையில் சறுக்குவது உள்ளே இருக்கும் சீட்டில் இல்லை, கவரில்தான். தபால் வாக்குகள் நிராகரிக்கப்படுவதற்கு முக்கியமான காரணங்கள் தாமதமும் கையெழுத்தும். கவரின் மேல் நீங்கள் போடும் கையெழுத்தை, கவுண்டி உங்கள் கோப்பில் வைத்திருக்கும் கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். பலருக்கு அந்தக் கோப்பில் இருப்பது லைசென்ஸ் தரும் டிஎம்வி அலுவலகத்தில் மின்திரையில் அவசரமாகக் கிறுக்கியதுதான். நம்மவர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை உண்டு. ஊரில் இனிஷியலோடு தமிழில் போட்டுப் பழகியிருப்போம், இங்கே வந்த பிறகு அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கி ஆங்கிலத்தில் போட ஆரம்பித்திருப்போம்.

பயப்பட வேண்டாம், சட்டம் வாக்காளர் பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. முழுப் பெயருக்குப் பதிலாக இனிஷியல் போட்டதற்காக மட்டும் நிராகரிக்க முடியாது. கையெழுத்து உங்களுடையதுதான் என்றே அவர்கள் தொடங்க வேண்டும். நிராகரிக்க வேண்டுமென்றால் இரண்டு அதிகாரிகள் ஒருமித்து, ஐயத்துக்கு இடமில்லாத அளவுக்கு வேறுபாடு இருப்பதாக முடிவு செய்ய வேண்டும். அப்படியே ஆனாலும் உங்களுக்குக் கடிதம் வரும், ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பி வாக்கை மீட்டுக்கொள்ளலாம். இருந்தாலும் நான் சொல்வது: லைசென்ஸை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே கவரில் கையெழுத்துப் போடுங்கள். பிறகு ஆற அமரப் புதுக் கையெழுத்தோடு வாக்காளர் பதிவைப் புதுப்பித்துவிடுங்கள். தேர்தல் அலுவலகத்திலிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் விளம்பரத் தபாலோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

இனி, ஒரே கட்சி இருவர். அச்சுப்பிழை இல்லை. 2010 ஜூனில் மக்கள் நிறைவேற்றிய ப்ரொபொசிஷன் 14 (ப்ரொபொசிஷன் என்றால் மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் சட்ட முன்மொழிவு) கொண்டுவந்த முறை இது. காங்கிரஸ், செனட், கவர்னர், மாநிலச் சட்டமன்றம் ஆகிய பதவிகளுக்கு பிரைமரி என்னும் முதல் சுற்றுத் தேர்தலில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பட்டியலில் நிற்பார்கள். கட்சி எதுவானாலும் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பரில் நடக்கும் இறுதித் தேர்தலுக்குப் போவார்கள். பெயருக்கு அருகில் இருக்கும் கட்சி, அந்த வேட்பாளர் தனக்கு விருப்பமானதாகச் சொல்லிக்கொண்டது. கட்சி அவரை நிறுத்தியது என்று அதற்குப் பொருள் இல்லை. 2016இல் கமலா ஹாரிஸ் அமெரிக்க செனட்டுக்கு நின்றபோது நவம்பரில் அவரை எதிர்த்து நின்ற லொரெட்டா சாஞ்செஸும் ஜனநாயகக் கட்சிக்காரர்தான். குடியரசுக் கட்சி வேட்பாளர் அந்தச் சீட்டில் இல்லவே இல்லை. அதிபர் தேர்தலுக்கு மட்டும் இந்த முறை கிடையாது. அது கட்சிவாரி பிரைமரிதான்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இங்கே பாதித் தேர்தல் பிரைமரியிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே மூன்றாவதாக வந்தவரின் பெயரை நவம்பரில் கையால் எழுதிச் சேர்க்கவும் முடியாது. உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். பாலோ ஆல்டோ, மவுன்டன் வியூ உள்ளிட்ட 16ஆவது காங்கிரஸ் தொகுதியில் 2024 மார்ச் பிரைமரியில் சாம் லிக்கார்டோ முதலிடம் பிடித்தார். இரண்டாம் இடத்தில் எவன் லோவும் ஜோ சிமிட்டியனும் ஆளுக்கு 30,249 வாக்குகள் வாங்கிச் சமமாக நின்றார்கள். மறுஎண்ணிக்கையில் ஐந்தே வாக்கு வித்தியாசத்தில் லோ முன்னேறினார், சிமிட்டியன் வெளியேறினார். ஒரு தெருவில் இருக்கும் இரண்டு வீடுகள் மாற்றியிருக்கக்கூடிய முடிவு அது. நம் நண்பர்கள் பலர் நவம்பரில் மட்டும் வாக்களித்துவிட்டு, நல்ல வேட்பாளரே இல்லை என்று குறைபடுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிரைமரி அதிபர் தேர்தல் ஆண்டில் மார்ச்சிலும், கவர்னர் தேர்தல் ஆண்டில் ஜூனிலும் வரும். காலண்டரில் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்தால் முதல்வரும் அமைச்சர்களும் அதன்வழி வந்துவிடுவார்கள். இங்கே கவர்னர், துணை கவர்னர், அட்டர்னி ஜெனரல், கன்ட்ரோலர், டிரெஷரர், காப்பீட்டுக் கமிஷனர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக மக்களிடம் வாக்கு கேட்கிறார்கள். சீட்டு நீள்வதற்கு அதுதான் பாதிக் காரணம். நீதிபதி, பள்ளி வாரியப் பதவிகளுக்குக் கட்சிப் பெயர் இருக்காது. மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு எதிர்ப்போட்டி இல்லை, தொடரலாமா கூடாதா என்று மட்டும் கேட்பார்கள். அதைச் சடங்கு என்று நினைக்க வேண்டாம். 1986இல் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டையும் உடன் இருந்த இரண்டு நீதிபதிகளையும் மக்கள் அந்தக் கேள்வியின் மூலமாகத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உங்கள் காங்கிரஸ் தொகுதி எது என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். 2025 நவம்பரில் நிறைவேறிய ப்ரொபொசிஷன் 50 காங்கிரஸ் தொகுதிகளின் எல்லையை மாற்றியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் பழைய நினைவை நம்ப வேண்டாம்.

ப்ரொபொசிஷன்களுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள் என்பேன். 1911 முதல் இந்த மாநிலத்தில் மக்களே நேரடியாகச் சட்டம் இயற்றலாம். அப்படி வந்த சட்டத்தை, அதிலேயே அனுமதி எழுதப்பட்டிருந்தால் ஒழிய, மக்களிடம் மறுபடி போகாமல் சட்டமன்றம் மாற்ற முடியாது. நீங்கள் வீடு வாங்கியிருந்தால் உங்கள் சொத்து வரியை இன்றும் தீர்மானிப்பது 1978இன் ப்ரொபொசிஷன் 13தான். ஆள் மேல் நம்பிக்கை வைத்துப் போடும் வாக்கு பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு ஆண்டுகளில் திரும்பி வரும். இது பல பத்தாண்டுகள் நிற்கும். அதனால்தான் இதில் பணமும் கொட்டுகிறது. 2020இல், செயலி வழி ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருத வேண்டியதில்லை என்ற ப்ரொபொசிஷன் 22க்கு ஆதரவாக ஊபர், லிஃப்ட் போன்ற நிறுவனங்கள் சேர்ந்து 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன.

டிவி விளம்பரத்தை விட்டுவிடுங்கள். மாநிலத் தேர்தல்களைக் கவனிக்கும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம் வீட்டுக்கு அனுப்பும் தகவல் கையேட்டை எடுத்து, சட்டமன்றத்தின் நிதி ஆய்வாளர் எழுதிய பகுதியை முதலில் படியுங்கள். இப்போது சட்டம் எப்படி இருக்கிறது, நிறைவேறினால் என்ன மாறும், எவ்வளவு செலவாகும் என்று கட்சி சாராமல் எழுதியிருப்பார்கள். அதன் பிறகு ஆதரவு, எதிர்ப்பு வாதங்களுக்குப் போங்கள், அடியில் யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: சில சமயம், சட்டமன்றம் ஏற்கெனவே நிறைவேற்றிய சட்டத்தை நிறுத்துவதற்காகக் கையெழுத்துத் திரட்டி மக்கள் முன் கொண்டுவருவார்கள். அப்போது "ஆம்" என்றால் அந்தச் சட்டம் நிலைக்கும், "இல்லை" என்றால் போய்விடும். 2022இல் ப்ரொபொசிஷன் 31 அப்படித்தான் வந்தது. சுவையூட்டிய புகையிலைப் பொருள்களின் விற்பனைத் தடை வேண்டும் என்பவர்கள் "ஆம்" போட வேண்டியிருந்தது. எதிர்க்கும் கூட்டம் கொண்டுவந்த கேள்வி என்பதால் "இல்லை" என்று போட்டால்தான் தடை நிற்கும் என்று எண்ணிவிடுவது எளிது.

சொற்கள் பிடிபடாவிட்டால் வாக்களிப்பு மையத்தில் தமிழ் நகல் வாக்குச்சீட்டு உண்டா என்று கேளுங்கள். ஒரு மொழி பேசுவோர் போதிய எண்ணிக்கையில் இருக்கும் பகுதிகளில் நகல் வைக்க மாநிலச் சட்டம் சொல்கிறது. நகலைப் படிக்கலாம், வாக்கை அதிகாரப்பூர்வச் சீட்டில்தான் போட வேண்டும். உதவிக்கு இருவர் வரை உடன் அழைத்துப் போகலாம். வேலை கொடுப்பவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது.

திருப்பி அனுப்ப ஸ்டாம்ப் வேண்டாம். தேர்தல் நாளன்றோ அதற்கு முன்போ தபால் முத்திரை விழுந்து ஏழு நாளுக்குள் வந்துவிட்டால் எண்ணப்படும் என்பது மாநில விதி. ஆனால் தபாலில் போட்ட அன்றே முத்திரை விழும் என்று இப்போது நம்ப முடியாது. மிசிசிப்பி மாநிலத்தின் இதே போன்ற விதி மீதான வழக்கும் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது, அதன் தீர்ப்பு இந்த விதியையும் பாதிக்கலாம் என்பதால் தற்போதைய நிலையைக் கவுண்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி வாரமாகிவிட்டால் கவுண்டியின் டிராப் பாக்ஸில் நேராகப் போட்டுவிடுங்கள், தேர்தல் நாள் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும்.

கணவர் விஷயத்தில் மட்டும் துளியும் அலட்சியம் வேண்டாம். நீங்கள் வாக்களிப்பதால் அவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அவர் பதிவு செய்துகொள்வதோ வாக்களிப்பதோதான் ஆபத்து. குடியுரிமை இல்லாதவர் மத்தியத் தேர்தலில் வாக்களிப்பது குற்றம், நாடு கடத்தலுக்கும் காரணமாகலாம். எப்போதாவது பதிவு செய்தீர்களா, வாக்களித்தீர்களா என்று குடியுரிமை விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். தெரியாமலும் இது நடக்கும்: 2018இல், குடியுரிமை இல்லாதவர்கள் உட்பட சுமார் 1,500 பேர் தவறாகப் பதிவாகியிருக்கலாம் என்று டிஎம்வியே அறிவித்தது. அவர் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது குடியுரிமைக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் போயிருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்கட்டும். அவர் பெயரில் வாக்குச்சீட்டு வந்துவிட்டால் அதைத் தொடாமல் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்து, பிறகு பதிவை நீக்கச் சொல்லிக் கவுண்டிக்கு எழுத்தில் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். சான்பிரான்சிஸ்கோ பள்ளி வாரியத் தேர்தலில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் வாக்களிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது அந்த நகரத்தோடு சரி. அங்கேயும் வழக்கறிஞரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

அதே சமயம், கிரீன் கார்டு வைத்திருப்பவர் தேர்தல் பணியாளராக இருக்கக் கலிஃபோர்னியா அனுமதிக்கிறது. இரண்டு மொழி தெரிந்தவர்களைக் கவுண்டிகள் தேடிக்கொண்டே இருக்கின்றன, நாள் படியும் தருகிறார்கள். அவருக்கு ஆர்வம் இருந்தால் உங்கள் சாண்டா கிளாரா கவுண்டியின் ரிஜிஸ்ட்ரார் (தேர்தல் பதிவாளர்) அலுவலகத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் தன் குடியுரிமை நிலையை உள்ளபடியே எழுதட்டும்.