லீ பஜாரைச் சரியாகச் சொல்கிறவர்கள்

கேள்வி: சேலத்தில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். 'ரிசிப்ட் வேணுங்களா?' என்று கேட்டதற்கு ஒரு வாடிக்கையாளர் எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டார். 'ரிசீட்' என்று சொல்ல வேண்டுமாம். இருக்கிற எழுத்தைச் சொன்னால் தப்பா? சரியான உச்சரிப்பைப் பழகுவது எப்படி?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: 'ரிசீட்'தான் சரி. ஆனால் சிரித்தவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் கேட்டிருப்பது நியாயமான கேள்வி. அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் 'ப்' ஒலி இல்லை. லத்தீன் மூலத்தில் 'பி' இருக்கிறதே என்று படித்தவர்கள் பிற்பாடு எழுத்தில் மட்டும் அதைச் செருகினார்கள். அதே குடும்பத்துச் சொல்லான 'டிசீட்' தப்பித்துக்கொண்டது. அதை இன்றும் 'பி' இல்லாமல்தான் எழுதுகிறார்கள். ஆக, கண்ணால் படித்தவர் 'ரிசிப்ட்' என்பார். காதால் கேட்டவர் 'ரிசீட்' என்பார். இதில் அறிவுக்கு என்ன வேலை? யார் காதில் எது விழுந்தது என்பதுதான் விஷயம்.

நம்ம ஊர் லீ பஜாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அந்த 'லீ'க்கு ஐந்து எழுத்து. கடைசியில் நிற்கும் 'ஜி', 'எச்' இரண்டும் ஊமை. மூட்டை தூக்குகிறவர், மண்டிக்கு வருகிற வியாபாரி, ஆட்டோக்காரர் என்று அத்தனை பேரும் பிசகாமல் 'லீ' என்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றிருந்தால் 'லெய்க் பஜார்' என்றல்லவா சொல்லியிருப்பார்கள்!

1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்து ஏற்காட்டுக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தவரை நாம் 'காக்பர்ன்' என்று எழுதுகிறோம். அந்த ஸ்காட்லாந்துப் பெயரைச் சொல்லும் முறை 'கோபர்ன்'. நடுவில் வரும் 'சி', 'கே' இரண்டுக்கும் ஒலி கிடையாது. உங்களைப் பார்த்துச் சிரித்தவரும் அதை 'காக்பர்ன்' என்றுதான் படித்திருப்பார்.

சரி, பழகும் வழி. 'ரி'யை லேசாகத் தொட்டுவிட்டு, அழுத்தம் முழுவதையும் 'சீ'யில் கொடுங்கள். கடைசியில் 'ரிசீட்டு' என்று உகரம் ஒட்டிக்கொள்ளும். அது தமிழ் நாக்கின் இயல்பு. 'ட்'டோடு நிறுத்திப் பழக வேண்டும். அந்த 'ட்'டுக்கும் நம் 'ட'வுக்கு மடிப்பதுபோல நாக்கை மடிக்கக் கூடாது. மேல்பல்லுக்குப் பின்னால் ஈறு மேடாக இருக்கிறதே, அங்கே நுனியை வைத்து எடுத்தால் போதும். இந்த வேறுபாடு ஈழத்தமிழர் காதுக்கு நன்றாகத் தெரியும். 'டொரன்டோ' என்று நாம் எழுதுவதை அவர்கள் 'ரொறன்ரோ' என்று எழுதுவது அதனால்தான். அதைப் பார்த்து இங்கே கிண்டல் செய்கிறவர்களிடம் பல வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்கள் காது நம்முடையதைவிடக் கூர்மையானது. எந்தச் சொல்லில் சந்தேகம் வந்தாலும் அகராதியில் ஒலிக்குறியைப் பாருங்கள். செல்போன் அகராதியிலேயே ஒலிபெருக்கிப் படம் இருக்கும். அதைத் தட்டிக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. தமிழில் பேசும் வாடிக்கையாளரிடம் தாராளமாக 'ரசீது வேணுங்களா?' என்றே கேளுங்கள். அது 'ரிசீட்' சிதைந்து வந்த சொல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பாரசீகத்திலிருந்து வந்தது. 'வசூல்', 'பாக்கி' மாதிரி கணக்குப்பிள்ளைகள் காலத்திலேயே நம்மிடம் புழங்கிய சொல்.

உச்சரிப்பு என்று பேச்சு வந்துவிட்டதால் என் பழைய வழக்கையும் சொல்லிவிடுகிறேன். ஏற்காடு இருக்கும் மலைக்குச் சேர்வராயன் என்று பெயர். அது வெள்ளைக்காரன் வாயில் நுழையவில்லை, 'ஷெவராய்' என்றான். அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, வரைபடத்திலேயே ஏற்றிவிட்டார்கள். போகட்டும். இன்று தமிழில் எழுதுகிறவர்களும் 'ஷெவராய் மலை' என்று எழுதுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மலை உச்சியில் குகைக்கோயிலில் இருக்கும் சாமியின் பெயர் சேர்வராயன். மே மாதத் திருவிழாவுக்கு வரும் மலைக்கிராமத்து மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 1,018 ஊர்களின் பெயரை ஆங்கிலத்திலும் தமிழ் ஒலிப்படியே எழுத வேண்டும் என்று 2020-இல் அரசாணை வந்தது; சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். ஆங்கிலப் பலகை கிடக்கட்டும், தமிழில் 'சேர்வராயன்' என்று எழுத எந்த அரசாணையும் தேவையில்லை. இந்தப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள் இனி அப்படியே எழுதி அனுப்புங்கள்.