நல்ல மனமும் இனச்சுழற்சிப் பதிவேடும்

மதிப்பிற்குரிய ஐயா,

மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். குரூப் 4 தேர்வு எழுதி வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நான் அருந்ததியர். அப்பா நகராட்சியில் தூய்மைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் சேர்ந்த அன்று, பக்கத்து இருக்கைக்காரர் என் ஊரைக் கேட்பதற்கு முன்பே "எந்த கோட்டா?" என்று கேட்டார். அன்று முதல் இன்றுவரை தபால் இருக்கையில்தான் இருக்கிறேன். எனக்குப் பின்னால் வந்த இருவர் கணக்கும் பணியமைப்பும் (ஊழியர்களின் நியமனம், பதவி உயர்வு பற்றிய கோப்புகள்) பார்க்கிறார்கள். கேட்டால், "உங்களுக்கு இதுதானம்மா சுலபம்" என்கிறார் கண்காணிப்பாளர். அன்பாகத்தான் சொல்கிறார்.

சென்ற வாரம் தேநீர் வேளையில் ஒருவர் சொன்னார்: "நூறு ஆண்டுகளாக இடஒதுக்கீடு இருக்கிறது. இனியும் எண்ணிக்கை எதற்கு? எல்லாத் தரப்பினரும் அலுவலகத்தில் இருக்கட்டும் என்ற நல்ல மனம் அதிகாரிகளுக்கு இருந்தால் போதாதா? எங்களுக்கு 31 விழுக்காடுதானே விட்டுவைத்திருக்கிறார்கள்!" நான் எழுந்து வந்துவிட்டேன். பதில் சொல்லியிருக்க வேண்டுமோ என்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. நீங்கள் அரசுப் பணியில் இருந்தவர். சொல்லுங்கள், நல்ல மனம் போதாதா?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

போதாது. நல்ல மனம் கொண்டவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

பணியமைப்புப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் இனச்சுழற்சிப் பதிவேடு, அதாவது எந்தக் காலியிடம் எந்த வகுப்பினருக்கு என்று வரிசையாகக் காட்டும் பதிவேடு, என் பொறுப்பில் இருந்தது. நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தபால் இருக்கைக்கு அது வராது. தமிழ்நாட்டில் நேரடி நியமனத்துக்கு ஒரு சுற்று என்பது 200 இடங்கள். இன்றைய கணக்குப்படி அதில் பொதுச் சுற்றுக்கு 62, பிற்படுத்தப்பட்டோருக்கு 53, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 7, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 40, பட்டியல் சாதியினருக்கு 30, அருந்ததியருக்கு 6, பழங்குடியினருக்கு 2. எந்த எண் யாருக்கு என்பது முன்கூட்டியே அச்சாகியிருக்கும். ஓர் இடம் காலியானால் பேனா அடுத்த வரிக்குப் போகும். அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். அதிகாரியின் மனம் அன்று நன்றாக இருக்கிறதா என்று பதிவேடு கேட்பதில்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பட்டியல் சாதிக்குரிய ஓர் இடம் வந்தது. எங்கள் அதிகாரி மிக நல்லவர். இரவுக் காவலரின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவர். அதை யாரிடமும் சொல்லாதவர். வந்த மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "பொருத்தமானவர் இல்லை என்று குறிப்பு எழுதுங்கள்" என்றார். மூவரும் தகுதி பெற்றவர்கள். அவர்களில் ஒருவர் தட்டச்சில் இரண்டு மொழியிலும் மேல்நிலை முடித்திருந்தார். அதிகாரியிடம் துவேஷம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர் மனத்தில் எழுத்தர் என்றால் ஒரு முகம் இருந்தது, ஒரு பேச்சு இருந்தது. வந்தவர்கள் அந்த முகத்துக்குப் பொருந்தவில்லை. குறிப்பை எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது, அதை இன்றும் உணர்கிறேன். ஆனால் பதிவேட்டில் அந்த வரி நிரம்பாமல் அப்படியே நின்றது. பின்னடைவுக் காலியிடம் என்று ஒவ்வோர் ஆண்டு அறிக்கையிலும் அதைக் காட்டியாக வேண்டும். அவர் மாறுதலாகிப் போனார். அடுத்த அதிகாரி வந்தார். வரி அங்கேயே இருந்தது. கடைசியில் அந்த இடத்தில் ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பதிவேடு இல்லாமல் இருந்திருந்தால், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே, அந்த வேலை ஒருவருக்குக் கிடைக்காமல் போயிருக்கும். போனதே யாருக்கும் தெரிந்திருக்காது.

உங்கள் சக ஊழியர் சொன்ன 31 விழுக்காட்டுக்கு வருகிறேன். 200இல் 62 என்ற பொதுச் சுற்றுதான் அது. அது எவருடைய ஒதுக்கீடும் அல்ல. பொதுச் சுற்று என்பது எல்லோருக்கும் திறந்திருக்கும் சுற்று. மதிப்பெண் வரிசையில் மேலே வரும் அருந்ததியரும் பழங்குடியினரும் அதில்தான் முதலில் இடம் பெற வேண்டும். அவர்களைத் தத்தம் ஒதுக்கீட்டில் கழிக்கக் கூடாது. இதை அரசு ஊழியர்களே அறியாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. "எங்களுக்கு 31" என்பவர் தம்மை அறியாமல் தமக்கென ஓர் ஒதுக்கீட்டைக் கற்பனை செய்துகொள்கிறார்.

எண்ணிக்கை எதற்கு என்ற கேள்வியும் புதியதன்று. சென்னை மாகாணத்தில் 1912இல் மாவட்ட முன்சீப்களில், அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதிகளில், 72.6 விழுக்காட்டினர் பிராமணர்கள். மக்கள்தொகையில் அவர்கள் 3 விழுக்காட்டை ஒட்டி இருந்தார்கள். அப்போதும் யாரும் மற்றவர்கள் வரக் கூடாது என்று ஆணை போட்டிருக்கவில்லை. வாசல் திறந்துதான் இருந்தது. 1921இல் நீதிக்கட்சி அரசு, வேலைகளை எல்லா வகுப்பினருக்கும் பகிர்ந்தளிக்கச் சொல்லும் முதல் வகுப்புவாரி ஆணையைப் போட்டும் பெரிதாக அசையவில்லை, ஏனென்றால் எந்த இடம் யாருக்கு என்ற வரிசை அதில் உறுதியாக இல்லை. சுப்பராயன் அமைச்சரவைக் காலத்தில் 1927இல் பிறந்து, முத்தையா முதலியார் அமைச்சரான பின் 1928இல் நடைமுறைக்கு வந்த ஆணைதான் 12 இடங்களை வரிசையாகப் பிரித்துக் கொடுத்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. அந்தக் கடைசி 1 என்னை எப்போதும் நிறுத்திவிடும். பன்னிரண்டில் ஒன்று. அதுவும் எழுதி வைத்த பிறகுதான்.

1951இல் உச்ச நீதிமன்றம் இந்த முறையை ரத்து செய்த கதையில் எல்லோரும் செண்பகம் துரைராஜன் வழக்கை, மருத்துவக் கல்லூரி இடத்தை, நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே நாளில் தீர்ப்பான வெங்கடரமணா வழக்கு அரசு வேலையைப் பற்றியது, அதுவும் மாவட்ட முன்சீப் பதவியைப் பற்றியதுதான். 83 இடங்கள், ஹரிஜனங்களுக்கு 19, பிற்பட்ட இந்துக்களுக்கு 10 என்று பிரித்திருந்தார்கள். மற்ற வகுப்புகளுக்கான பங்கீடு செல்லாது என்ற நீதிமன்றம், இந்த இரண்டையும், பிற்பட்ட வகுப்பினருக்கு அரசு வேலையில் ஒதுக்கீடு செய்ய இடம் தரும் அரசியலமைப்பின் 16(4) பிரிவு தாங்குகிறது என்று விட்டுவைத்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் சட்ட வேர் அங்கே இருக்கிறது.

உங்கள் சமூகத்தின் 3 விழுக்காட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு என்று பொதுவாக எழுதியிருந்த காலத்தில் அருந்ததியர் மிகக் குறைவாகவே உள்ளே வந்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் ஒரு கடைசி வரிசை இருந்தது. அதற்குத் தனி வரி 2009இல்தான் கிடைத்தது. அப்படி உள் ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்துவிட்டது. தனி வரி வருவதற்கு முன்னாலும் நல்ல மனம் கொண்ட அதிகாரிகள் இந்த மாநிலத்தில் ஏராளமாக இருந்தார்கள்.

பெண்கள் விஷயத்திலும் இதையே காண்கிறேன். சி.பி. முத்தம்மா 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். சென்னையில் கல்லூரியில் படித்தவர். உலகம் சுற்றிய, பண்பட்ட, ஆங்கிலம் பேசும் கனவான்கள் நிரம்பிய அந்தப் பணியின் விதிகளில், பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசின் எழுத்துபூர்வ அனுமதி பெற வேண்டும் என்றும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் பதவி விலகச் சொல்லலாம் என்றும் எழுதியிருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்டு, அவர் உச்ச நீதிமன்றம் போய், 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடும்வரை அந்தக் கனவான்களுக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 1989இல் பெண்களுக்கு 30 விழுக்காடு என்று எழுதிய பிறகுதான் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அதைச் சுட்டிக்காட்டி 1993இல் அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடிந்தது. இப்போது அது 40 விழுக்காடு. திருநங்கை பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது அவருக்கான கட்டமே படிவத்தில் இல்லை. 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வழி பிறந்தது.

ஆனால் சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது தேநீர் விவாதம் அல்ல, தபால் இருக்கை. பதிவேடு உங்களை அலுவலகத்தின் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டது. எந்த நாற்காலி என்பதை அது தீர்மானிப்பதில்லை. அங்கே மறுபடியும் ஒருவருடைய மனம் ஆட்சி செய்யத் தொடங்குகிறது. "உங்களுக்கு இதுதான் சுலபம்" என்பது அன்பு வார்த்தை போலத்தான் இருக்கும். நான்கு ஆண்டுகள் தபாலை மட்டும் பதிந்தவருக்கு விதிகளைப் படித்துக் குறிப்பெழுதும் பழக்கம் வராது. உதவியாளராகப் பதவி உயர்ந்ததும் ஒரு கோப்பு கைக்கு வரும். தடுமாறினால், "பார்த்தீர்களா, கோட்டா" என்பார்கள். தடுமாற வைத்தது எது என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பார்வையற்ற தோழர் ஒருவர் எங்கள் பிரிவில் இருந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கு அப்போது 3 விழுக்காடு. 2016 சட்டத்துக்குப் பிறகு 4. அவரைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம். வேலை எதுவும் தரவில்லை. "பாவம், தொந்தரவு செய்ய வேண்டாம்" என்பது அலுவலகம் முழுவதன் கருத்து. ஏழு ஆண்டுகள் அப்படிப் போயின. பிறகு திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளை அவரே கணினியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒரு கோப்பைக் கேட்டு வாங்கினார். ஓய்வூதிய விதிகளில் அந்தப் பிரிவில் அவரை மிஞ்ச ஆள் இல்லாமல் போயிற்று. அந்த ஏழு ஆண்டுகளை அவருக்கு யார் திருப்பித் தருவது?

பதிவேடு எட்டாத இடங்கள் இன்னும் உண்டு. ஒரே ஒரு பதவி மட்டும் உள்ள பணிப் பிரிவில் இடஒதுக்கீடு கிடையாது என்று 1998இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலே போகப் போக அப்படிப்பட்ட தனிப் பதவிகள்தாம் மிகுதி.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை கீழே இருக்கிறது. வெளிமுகமை. காவலர், ஓட்டுநர், அலுவலக உதவியாளர், தூய்மைப் பணியாளர் என்று ஒவ்வொன்றாக ஒப்பந்தக்காரர் கைக்குப் போகின்றன. ஒப்பந்தக்காரர் ஆள் எடுக்க இனச்சுழற்சி தேவையில்லை. அரசு வேலை அங்கேயேதான் இருக்கிறது, அதே கட்டடத்தில், அதே துடைப்பத்தோடு. முதலாளி மட்டும் இப்போது அரசு அல்ல. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்களே, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் விடாதீர்கள் என்று, அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் பட்டியல் சாதியினர். அவர்கள் கேட்டது சலுகை இல்லை. வேலை தருபவராக அரசே நிற்கட்டும் என்றார்கள்.

உங்கள் அப்பா செய்த வேலையில் தங்கள் பங்கு பறிபோவதாக எந்தச் சமூகமும் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த ஒரு பதவியில் மட்டும் பெரும்பாலும் ஒரே தரப்பினர் இருப்பது யாருடைய கண்ணையும் உறுத்துவதில்லை. தேநீர் வேளையில் எண்ணிக்கை வேண்டாம் என்பவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். சண்டையாக வேண்டாம், உண்மையாகவே கேளுங்கள். அவருக்கும் யோசிக்க உரிமை உண்டு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. இருக்கை மாற்றம் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள், வாய்மொழியாக வேண்டாம். பணியில் சேர்ந்த நாள், இதுவரை பார்த்த இருக்கை, உங்களுக்குப் பின் சேர்ந்தவர்கள் எந்தத் தேதியில் எந்த இருக்கைக்குப் போனார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். யாரையும் குற்றம் சாட்டும் ஒரு சொல்லும் அதில் இருக்கக் கூடாது. அலுவலகத் தலைவருக்கு முகவரியிட்டு, தபால் இருக்கையில் நீங்களே எண் போட்டு ஏற்றுங்கள். அந்த இருக்கையில் இருப்பதில் இந்த ஒரு வசதி உண்டு. துறைத் தேர்வுகளை அடுத்த வாய்ப்பிலேயே எழுதிவிடுங்கள். பதிலே வரவில்லை என்றால், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 2021இல் அமைத்த மாநில ஆணையம் இருக்கிறது. அதற்கு மனு அனுப்பலாம்.

இன்னொன்று. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில், உங்களோடு தேர்வானவர்களின் நியமனத்துக்கான இனச்சுழற்சிப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். உங்களுடைய மதிப்பெண்ணை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. பொதுச் சுற்றில் வந்தீர்களா, அருந்ததியர் சுற்றில் வந்தீர்களா என்பது அந்தப் பக்கத்தில் இருக்கும். இரண்டில் எதுவானாலும் நியமனம் ஒன்றுதான். ஆனாலும் "எந்த கோட்டா?" என்று கேட்டவர் அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே கேட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நகல் வந்ததும் எழுதுங்கள். விண்ணப்பத்தை அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துத் தர வேண்டுமென்றால் அதையும் அனுப்புங்கள்.

அன்புடன்.