பகலில் தெரியும் கெமரா இரவில் ஏன் மறைகிறது?

கேள்வி: ஹட்டன் டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மேல் மாடியில் வீடு, கடைக்குப் பின்னால் மேட்டில் ஸ்டோர். எட்டு சேனல் டிவிஆர் (கெமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி), ஆறு கெமரா. ஸ்டோரில் உள்ள கெமரா பகலில் நன்றாகத் தெரிகிறது. இருட்டினால் படம் போய்ப் போய் வருகிறது, சில நாள் வருவதே இல்லை. கல்லா மேசையில் மொனிட்டர் இருக்கிறது, மேலே வீட்டு டிவியிலும் பார்க்க விருப்பம். கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகும்போது போனிலும் பார்க்க வேண்டும். இருப்பது 4ஜி ரவுட்டர்தான். பூட்டிக் கொடுத்தவர் இப்போது போன் எடுப்பதில்லை. வேறொருவர் டிவிஆரைக் கழற்றிவிட்டு என்விஆர் போடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: டிவிஆரை மாற்ற வேண்டாம். ஐந்து கெமராக்கள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்றால் பெட்டியில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. என்விஆர் நல்ல பொருள்தான். ஆனால் அதற்குக் கணினி வலையமைப்பு வழியாகப் படம் அனுப்பும் ஐபி கெமரா வேண்டும், இப்போதுள்ள கோஆக்ஸ் என்ற வீடியோ கேபிளுக்குப் பதிலாகக் கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள் இழுக்க வேண்டும். அந்தக் கேபிளும் 100 மீட்டருக்கு மேல் போகாது. இருக்கிற கேபிளை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டு இரண்டாவது முறை செலவழிக்க உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

நீங்கள் கேட்டதில் மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன: கெமரா, மொனிட்டர், இணையம். இந்த வரிசையிலேயே செய்யுங்கள். ஒன்று சரியாகும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். இணையம் இல்லாமலே டிவிஆர் பதிவு செய்யும். கெமராவுக்குக் கரண்ட் சரியாகப் போகாவிட்டால் எந்த இணையமும் உதவாது.

இரவில் மட்டும் படம் போவதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான செய்தி. இருட்டியதும், கெமரா இருட்டில் பார்ப்பதற்காக அதைச் சுற்றியுள்ள இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கும். பகலில் ஏறக்குறைய 0.15 அம்பியர் எடுத்த கெமரா இப்போது 0.4 அம்பியர் வரை கேட்கும். கடையிலுள்ள பவர் சப்ளையிலிருந்து ஸ்டோர் 70 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், ஆக 140 மீட்டர் வயர். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அவ்வளவு தூரத்துக்கு ஏறக்குறைய 4.8 ஓம் தடை இருக்கும். பகலில் முக்கால் வோல்ட் போல வழியில் போகும், அதைக் கெமரா கண்டுகொள்ளாது. இரவில் ஏறக்குறைய 2 வோல்ட் போய்விடும், 12 வோல்ட் புறப்பட்டு 10 வோல்ட்தான் போய்ச் சேரும். மலிவு விலையில் கிடைக்கும் செம்பு முலாம் பூசிய அலுமினிய வயராக இருந்தால் தடை இதைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம், கெமராவுக்கு 9 வோல்ட் மிஞ்சினால் பெரிய விஷயம். கெமரா அணைகிறது, இன்ஃப்ராரெட் விளக்கும் சேர்ந்து அணைகிறது, சுமை குறைந்ததும் வோல்டேஜ் ஏறுகிறது, கெமரா மறுபடி உயிர் பெறுகிறது. நீங்கள் சொன்ன ‘போய்ப் போய் வருகிறது’ பெரும்பாலும் இதுதான்.

ஊகத்தை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள், சோதித்துப் பாருங்கள். ஸ்டோர் கெமராவைக் கழற்றி டிவிஆர் பக்கத்திலேயே கொண்டுவந்து, குட்டையான ஒரு கேபிளில், தனி 12 வோல்ட் 1 அம்பியர் அடாப்டரில் போட்டு அதே சேனலில் செருகுங்கள். முகப்பில் ஒளியை உணரும் சின்னக் கண் ஒன்று இருக்கும், அதை விரலால் மூடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், விளக்குகள் மங்கலான சிவப்பில் எரியும், படம் கறுப்பு வெள்ளைக்கு மாறும். படம் நிலையாக நின்றால் கெமராவும் நல்லது, சேனலும் நல்லது, குற்றம் வழியில். ஸ்டோரில் மல்டிமீட்டர் வைத்து, கெமராவும் அதன் விளக்குகளும் எரியும் நேரத்தில் வோல்டேஜ் பாருங்கள். கெமராவைக் கழற்றிவிட்டு அளந்தால் 12 என்றுதான் காட்டும், அது ஒன்றையும் சொல்லாது.

குற்றம் அங்கே என்று தெரிந்துவிட்டால், ஸ்டோரில் மின்சார இணைப்பு இருந்தால், அந்த அடாப்டரை அங்கேயே, மழை படாத பெட்டிக்குள் வைத்துக் கெமராவுக்குக் கொடுங்கள். வேலை முடிந்தது. இணைப்பு இல்லாவிட்டால் 1.5 சதுர மில்லிமீட்டர் நல்ல செம்பு வயர் தனியாக இழுங்கள், இழப்பு மூன்றில் ஒன்றாகக் குறையும். பவர் சப்ளையில் உள்ள சின்னத் திருகைத் திருப்பி வோல்டேஜை ஏற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தூரத்துக் கெமராவுக்கு அது நல்லதுதான், கல்லாவுக்கு மேலே இருக்கும் கெமராவுக்குக் கேடு. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீடியோ கேபிளின் இரு முனைகளையும் கையோடு பார்த்துவிடுங்கள். நம் பக்கம் பனியும் மழையும் தவறாமல் புகும் இடம் அதுதான். பிஎன்சி முனையை (வீடியோ கேபிளின் நுனியிலுள்ள உலோக இணைப்பை) கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நடு ஊசியில் பச்சை பிடித்திருக்கிறதா, வெளிப் பின்னலின் ஒரு மெல்லிய இழை ஊசியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா? அந்த ஒரு இழை போதும், படம் வராது. திருகி மாட்டும் மலிவு முனைகளை எடுத்துவிட்டு, அழுத்திப் பொருத்தும் முனைகளைப் போடுங்கள். வெளியே உள்ள இணைப்புகளைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, கேபிளைக் கீழ்ப்பக்கமாக நுழையுங்கள். பெட்டிக்குச் சற்றுக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் உள்ளே ஏறாமல் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும்.

படமே கிடைக்காமல் ‘வீடியோ இல்லை’ என்று வந்தால், கெமரா எந்த வகைச் சிக்னல் அனுப்புகிறது என்பதையும் பாருங்கள். டிவிஐ, ஏஎச்டி, சிவிஐ என்று பல வகை உண்டு. பல கெமராக்களிலிருந்து வரும் குட்டை வயரில் உள்ள சின்ன ஜாய்ஸ்டிக்கை ஒரு பக்கமாக ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் வகை மாறும், எந்தப் பக்கம் எது என்பது கெமராவுக்குக் கெமரா வேறுபடும். டிவிஆர் அமைப்பில் வீடியோ முறை ‘பால்’ (PAL, 50 ஹெர்ட்ஸுக்கு உரியது) என்று இருக்கட்டும். இலங்கை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ‘என்டிஎஸ்சி’ (NTSC, 60 ஹெர்ட்ஸுக்கு உரியது) என்று இருந்தால் கடையின் டியூப் லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கும்.

மூடுபனி பற்றி ஒரு வார்த்தை. நுவரெலியா மாவட்டத்தில் யார் கெமரா பூட்டினாலும் இதில் மாட்டுவார்கள். பனி இறங்கும் இரவில் இன்ஃப்ராரெட் வெளிச்சம் பனியில் பட்டு அப்படியே திரும்பிவர, திரை முழுக்க வெள்ளையாகிவிடும். கெமராவை மாற்றினாலும் அது தீராது. ஸ்டோர் வாசலில், கெமராவிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஒரு எல்இடி விளக்கைப் போட்டுவிட்டு, கெமராவின் இன்ஃப்ராரெட்டை அமைப்பில் அணைத்து விடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும்போது பனியிலும் ஆள் தெரியும். இரவு நேரச் சுமையும் குறைவதால் முதல் பிரச்சினைக்கும் அது உதவி.

அடுத்தது மொனிட்டர். பெரும்பாலான எட்டு சேனல் டிவிஆர்களில் விஜிஏ, எச்டிஎம்ஐ என்ற இரண்டு திரை இணைப்புகளும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைக் கொடுக்கும். கல்லா மொனிட்டரை விஜிஏயில் விடுங்கள், எச்டிஎம்ஐயை மேலே கொண்டுபோங்கள். படிக்கட்டு வழியாகக் கேபிள் சுற்றிப் போனால் 20, 25 மீட்டர் வந்துவிடும். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல, அதனால் கேட் 6 கேபிளில் அனுப்பும் எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர் ஒரு சோடி வாங்குங்கள். டிவிஆர் பக்கம் ஒன்று, டிவி பக்கம் ஒன்று. மவுஸையும் சேர்த்து அனுப்பும் வகை கிடைத்தால் அதை எடுங்கள், மேலே இருந்தே பதிவைத் திருப்பிப் பார்க்கலாம்.

மேலே இணைப்பதற்கு முன்னால் கல்லா மொனிட்டரில் நின்று டிவிஆரின் வெளியீட்டை இரண்டு திரையும் ஏற்கும் அளவில் வையுங்கள், 1920×1080 பெரும்பாலும் ஒத்துவரும். கல்லாவில் பழைய சதுர மொனிட்டர் இருந்தால் அது 1280×1024க்கு மேல் ஏற்காது. டிவிக்காக அளவை ஏற்றினால் கல்லாவில் திரை கறுத்துவிடும், ஆளுக்கு ஆள் ‘டிவிஆர் எரிந்துவிட்டது’ என்பார்கள். செலவு குறைய வேண்டுமென்றால், மேலே டிவிக்குப் பதில் பழைய டேப்லட் ஒன்றை வீட்டு வைஃபையில் வைத்து, டிவிஆரின் ஆப்பில் டிவிஆரின் உள் முகவரியை (எடுக்கும் விதம் கீழே, இணையப் பகுதியில்) கொடுத்துப் பார்க்கலாம். அது வீட்டுக்குள்ளேயே ஓடும், டேட்டா செலவாகாது. நானாக இருந்தால் இதைத்தான் முதலில் செய்து பார்ப்பேன்.

இனி இணையம். ரவுட்டரின் லேன் துளையிலிருந்து டிவிஆருக்கு ஒரு லேன் கேபிள். டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்தில், ரவுட்டரிடமிருந்து முகவரியைத் தானே பெறும் டிஎச்சிபி வசதியை இயக்கி ஒரு நிமிடம் பொறுங்கள். 192.168.8.105 போல ஒரு முகவரி விழுந்தால் ரவுட்டரும் டிவிஆரும் பேசிக்கொள்கின்றன என்று பொருள். கேட்வே (வெளியே போகும் வழி) என்ற இடத்தில் ரவுட்டரின் முகவரி இருக்க வேண்டும், ஹுவாவே 4ஜி ரவுட்டர்களில் அது வழக்கமாக 192.168.8.1. தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவைக்கான இடம் காலியாக இருந்தால் 8.8.8.8 என்று எழுதுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ‘ஓஃப்லைன்’ என்று காட்டும் டிவிஆர்களில் பலவற்றுக்கு இந்த ஒரு இடம்தான் காரணம். அப்புறம், டிவிஆர் நிறுவனத்தின் சேவை வழியாகப் போனை டிவிஆரோடு இணைக்கும் பி2பி அல்லது கிளவுட் என்ற பகுதியை இயக்கி, அது ‘ஓன்லைன்’ என்று மாறியதும், அந்த நிறுவனத்தின் ஆப்பில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்.

‘போர்ட் ஃபோர்வர்ட் செய்ய வேண்டும்’, அதாவது வெளியிலிருந்து டிவிஆருக்கு வர ரவுட்டரில் வழி திறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், உங்கள் இணைப்பு பல வாடிக்கையாளர்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஒரு பொது முகவரிக்குப் பின்னால் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டருக்கு வராது, எவ்வளவு போர்ட் திறந்தாலும் பயனில்லை. மொபைல் இணைப்புகளில் இது சாதாரணம். பி2பியில் டிவிஆரே வெளியே போய் இணைவதால் அந்தத் தடை இல்லை. திறக்க முடிந்தாலும் திறக்காதீர்கள். 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாமல் இணையத்தில் திறந்துகிடந்த டிவிஆர்களையும் கெமராக்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அவற்றைக் கொண்டு அந்த ஒக்டோபரில் பல தளங்களுக்கு டிஎன்எஸ் சேவை தந்த டைன் நிறுவனத்தைத் தாக்கியபோது டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குத் திறக்கவில்லை.

போனில் பார்க்கும்போது ஆப்பில் ‘சப் ஸ்ட்ரீம்’ அல்லது குறைந்த தரத்தைத் தெரிவு செய்யுங்கள். 512 கிலோபிட் வேகத்தில் ஒரு கெமராவை ஒரு மணி நேரம் பார்த்தால் 230 எம்பி போல போகும். முழுத் தரத்தில் 2 மெகாபிட் என்றால் அதே ஒரு மணி நேரத்துக்கு 900 எம்பி. கடை ரவுட்டர், கொழும்பில் உங்கள் போன் இரண்டு பக்கமும் டேட்டா கழியும். பதிவு வட்டில் முழுத் தரமே இருக்கட்டும்: 2 மெகாபிட்டில் ஆறு கெமரா நாளுக்கு 130 ஜிபி எடுக்கும், 1 டெராபைட் வட்டில் ஒரு வாரம் நிற்கும்.

நேரத்தைக் கட்டாயம் பாருங்கள். பல டிவிஆர்கள் சீன நேரமான +8இல் வருகின்றன, நமக்கு +5.30. யாரும் மாற்றாமல் விட்டால், இணையத்தோடு இணைந்து நேரத்தைத் தானே திருத்தும்போது இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும். திருட்டு நடந்த நேரமும் பதிவில் உள்ள நேரமும் பொருந்தாவிட்டால் பொலிஸில் கொடுக்கும்போது வீண் சிக்கல்.

மின்னல் சங்கதியை லேசாக எடுக்காதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி நம் பக்கத்தில் வழக்கம். ஸ்டோரிலிருந்து ஆகாயத்தில் தொங்கி வரும் கேபிள் அதற்கு நேர் வழி. கரண்ட் பிளக்கை மட்டும் கழற்றினால் பாதிதான் பாதுகாப்பு. வானம் கறுக்கும்போதே ஸ்டோர் கெமராவின் பிஎன்சி முனையையும் டிவிஆரிலிருந்து கழற்றிவிடுங்கள், இடி முழங்கத் தொடங்கிய பின் கேபிளில் கை வைக்காதீர்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் அந்த முனையில் மின்னலால் வரும் திடீர் வோல்டேஜைத் தடுக்கும் கோஆக்ஸ் சர்ஜ் புரொடெக்டர் பூட்டி, எர்த்துடன் இணைக்கும்படி தேர்ச்சி பெற்ற மின் இணைப்பாளரிடம் கேளுங்கள். கரண்ட் போகும் நேரத்துக்கு 650 விஏ யூபிஎஸ்ஸில் டிவிஆர், கெமரா பவர் சப்ளை, ரவுட்டர் மூன்றையும் போடுங்கள். மொனிட்டரைப் போடாவிட்டால் நல்ல பேட்டரியில் அரை மணி நேரமாவது தாங்கும்.

கடைசியாக, பூட்டிக் கொடுத்தவர் போன் எடுப்பதில்லை என்றீர்களே. ஸ்கேன் செய்யும்போது ‘இந்தச் சாதனம் வேறொரு கணக்கில் இருக்கிறது’ என்று வந்தால், உங்கள் கடை இன்னும் அவர் போனில் தெரிந்துகொண்டிருக்கிறது. டிவிஆரின் மெனுவிலேயே பழைய கணக்கிலிருந்து விடுவிக்கும் வசதி பலவற்றில் உண்டு. இல்லாவிட்டால் வாங்கிய பில்லுடன் விற்பனை நிலையத்துக்குப் போங்கள். நிர்வாகிப் பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு மின்னஞ்சலாக உங்களுடையதைக் கொடுத்து, வீட்டாருக்குப் பார்க்க மட்டும் அனுமதியுள்ள தனிக் கணக்குகள் போட்டுக் கொடுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள், ஸ்டோர் கெமரா நாளைவரை பொறுக்கும்.