குருவி பார்த்து எழுதப் பழகுவது: டீச்சரிடம் கேட்டவை

காட்பாடியிலிருந்து ஒரு அம்மா: என் பையன் மூன்றாம் வகுப்பு. நோட்டை எடுத்தாலே ஓடுகிறான் டீச்சர். குருவி பார்த்தால் எழுத்து வந்துவிடுமா?

வரும்மா. எழுத உட்காரும்போது அவனிடம் சொல்ல ஒரு சேதி இருக்க வேண்டும், அவ்வளவுதான். காலையில் மொட்டை மாடியில் பத்து நிமிடம் இருவரும் உட்காருங்கள். பார்த்ததை அவன் சொல்லட்டும், நீங்கள் அப்படியே எழுதி அவனிடமே படிக்கக் கொடுங்கள். என் வகுப்பில் ஒரு பெண் சொன்னாள்: "ஏழு தவிட்டுக்குருவி. ஒண்ணு மேல உக்காந்து காவல் பாத்துச்சு. மத்ததெல்லாம் சருகைத் தள்ளித் தள்ளி பூச்சி தின்னுச்சு." பாடப்புத்தகத்தில் எழுத்துக் கூட்டவே திணறுகிற பிள்ளை, இதை மூன்று தடவை வாசித்துக் காட்டினாள். தான் சொன்ன வாக்கியமாயிற்றே!

குடியாத்தம் ஆசிரியை: எனக்கே பறவைப் பெயர்கள் தெரியாது.

பெயர் அப்புறம். முதலில் நடையைக் கேளுங்கள். மைனா கால் மாற்றி நடக்கும், சிட்டுக்குருவி இரண்டு காலையும் சேர்த்துத் தத்தும். இதைச் சொல்லப் போனாலே வினைச்சொற்கள் தானாக வரும். பெயரைப் பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். ஒரே பறவைக்குக் கரிச்சான், இரட்டைவால் குருவி என்று வீட்டுக்கொரு பெயர் வரும். எல்லாவற்றையும் எழுதட்டும்.

ஆரணியிலிருந்து ஒரு அப்பா: பிழைகளைத் திருத்தலாமா?

அந்த நோட்டில் மட்டும் சிவப்பு மை வேண்டாம். ஒரு பையன் மீன்கொத்தியைப் பற்றி "அழகு நீளமா இருக்கு" என்று எழுதியிருந்தான். படம் வரைந்து, மூக்கைத் தொட்டு "அலகு", மொத்தப் பறவையையும் காட்டி "அழகு" என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தேன். ல, ழ இரண்டும் நாக்கில் பிரிந்த பிறகு அவனே அடித்துத் திருத்தினான்.

வாலாஜாவிலிருந்து: பைனாகுலர் வாங்கணுமா?

வேண்டாம். ஊர் ஏரிக்கரையே போதும்.

வேலூர், ஏழாம் வகுப்பு மாணவி: நான் நன்றாகவே எழுதுவேன். எனக்கு என்ன?

உவமை எழுதிப் பாரு கண்ணு. செங்கால் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்கு மாதிரி என்றார் சத்திமுத்தப் புலவர். கிழங்கைப் பிளந்து பார்த்தவருக்குத்தான் அது தோன்றும். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வரும். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, எண்ணி, ஈபேர்ட் இணையதளத்தில் பட்டியலை ஏற்றலாம். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோட்டை அகழிக்குப் போ. நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்தபடி நின்றால், அது எதைப் போல இருக்கிறது என்று ஒரு வரி எழுதி எனக்கு அனுப்பு.