கேட்டதும் சொன்னதும்: கூத்து ராத்திரிக்கு எந்த டிஸ்க்?

கேள்வி: எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் இந்தச் சித்திரையில் பாரதம் வைக்கிறார்கள். பத்து ராத்திரி கூத்து. மத்தளம், டோலக், ஆர்மோனியம், முகவீணை, தாளம், பாட்டுக்கு மூன்று மைக் என்று எட்டு டிராக்காக லேப்டாப்பில் பதிவு செய்ய ஆசை. லேப்டாப்பில் 40 ஜிபிதான் மிச்சம். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கலாம் என்றால், கடையில் நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்காக இருந்தால்தான் தாங்கும் என்கிறார்கள். எதை வாங்குவது?
- குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம், கடைக்காரர் போடமாட்டார். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற தரத்தில் பதிவு செய்தால் ஒரு டிராக் விநாடிக்கு 144 கேபி கேட்கும். எட்டு டிராக்குக்கு 1.15 எம்பி. ராத்திரி பத்துக்குத் திரை பிடித்து விடிய ஆறு மணி வரை ஆடினால் 33 ஜிபி. பத்து ராத்திரிக்கு 330 ஜிபியைச் சற்றுத் தாண்டும்.

பழைய யுஎஸ்பி 2 போர்ட்கூட விநாடிக்கு 30 எம்பி இழுத்துவிடும். உங்களுக்கு வேண்டியது ஒன்றே கால் எம்பிகூட இல்லை. 5400 சுற்று டிஸ்க் இதைத் தூங்கிக்கொண்டே எழுதும். ஸ்டூடியோக்காரர்கள் ஒரு காலத்தில் 7200 கேட்டதற்குக் காரணம் இருந்தது. நாற்பது ஐம்பது டிராக்கை ஒரே டிஸ்க்கிலிருந்து ஓடவிட்டு மிக்ஸ் செய்யும்போது அதன் ஹெட், அதாவது தட்டில் எழுதிப் படிக்கும் முனை, இங்கும் அங்கும் அலைந்தாக வேண்டும். அந்தப் பேச்சு இன்னும் கடைகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் கூத்துக் களத்துக்கு ஹார்ட் டிஸ்க் வேண்டாம் என்பேன். வேகத்துக்காக இல்லை, ஆட்டத்துக்காக. ஆரணிப் பக்கம் ஒரு ஊரில் பின்பாட்டுக்காரர்கள் உட்காரும் பெஞ்சை ஒட்டி மேசை போட்டிருந்தேன். துரியோதனன் வேஷக்காரர் சலங்கைக் காலோடு கிறுகி வந்து அந்தப் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். என் டம்ளரில் இருந்த டீ வட்டம் வட்டமாக அலையடித்தது. அதே மேசையில்தான் ஹார்ட் டிஸ்க்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் ஹெட், சுழலும் தட்டுக்கு மேல் தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய இடைவெளியில் மிதக்கிறது. அன்று தப்பியது அம்மன் புண்ணியம். எஸ்எஸ்டி என்பது சிப்பில் எழுதும் டிஸ்க், அதில் சுழல்வது எதுவும் இல்லை, ஆட்டம் அதை ஒன்றும் செய்யாது. சத்தமும் கிடையாது. களத்தில் அது பெரிதில்லை, வீட்டில் மைக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பேச்சுப் பதிவு செய்தால் தெரியும்.

அதனால் பதிவுக்கு 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. வீட்டில் பிரதி வைத்துக்கொள்ள 1 டிபி சாதா ஹார்ட் டிஸ்க் ஒன்று. இரண்டுக்கும் பணம் போதாது என்றால் எஸ்எஸ்டியை யாரிடமாவது இரவல் வாங்குங்கள், பிரதியை மட்டும் விடாதீர்கள்.

வாங்கி வந்ததும் முதல் வேலை, டிஸ்க் எந்த ஃபார்மட்டில், அதாவது கோப்புகளை அடுக்கும் எந்த முறையில், இருக்கிறது என்று பார்ப்பது. இதில் நான் பட்டிருக்கிறேன். பதினைந்து வருஷம் இருக்கும், செய்யாறு பக்கம் ஒரு கிராமம். அதே தரத்தில் வெறும் ஸ்டீரியோ, இரண்டு டிராக் பதிவுதான். புது டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே சொருகிவிட்டேன். ராத்திரி சரியாகப் பத்துக்குப் பதிவு தொடங்கியது. இரண்டு மணிக்குப் பஜ்ஜிக் கடைக்குப் போய், கதை பேசிவிட்டு மூன்று மணிக்குத் திரும்பினால் திரையில் 4:08-இல் எண் நின்றிருக்கிறது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. கர்ணன் மனைவியிடம் விடைபெற்றுப் போருக்குப் புறப்படும் இடம் முழுக்கப் போச்சு. அந்த டிஸ்க் ஃபேட்32. அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளராது. ஸ்டீரியோவுக்கு அது நான்கு மணி எட்டு நிமிஷத்தில் நிரம்பிவிடும். கூத்து வாத்தியாரிடம் சொன்னேன். “போனா போவுது, அடுத்த வருசம் வா, ஆடிட்டாப் போச்சு” என்றார். போனேன். அதற்குள் முகவீணைக்காரர் வேறு ஜமாவுக்கு மாறியிருந்தார்.

விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ் போடுங்கள். நடுவில் கேபிள் பிடுங்கிக்கொண்டாலும் கணக்கு வழக்கை ஓரளவு மீட்டுக்கொள்ளும். மிக்ஸ் செய்யப்போகிறவர் மேக் வைத்திருந்தால் எக்ஸ்ஃபேட். அதற்கு இந்தத் தாங்கும் சக்தி குறைவு, முறையாக எஜெக்ட் செய்துதான் கழற்ற வேண்டும்.

ஃபார்மட் சரியாக இருந்தாலும் பதிவு சேரும் சாதா வேவ் (.wav) ஒலிக்கோப்புக்கே 4 ஜிபி எல்லை உண்டு. எட்டு டிராக்கையும் ஒரே கோப்பாக எழுதினால் ஒரு மணி நேரத்தில் முட்டும். டிராக்குக்கு ஒரு கோப்பாக எழுதினால் எட்டே கால் மணி நேரம் தாங்கும். இருந்தாலும் நான் கட்டியக்காரன் தனியாக வந்து சிரிக்கவைக்கும் நேரமாகப் பார்த்து ஒரு தடவை நிறுத்தி மறுபடி தொடங்குவேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு துண்டு இருந்தால் கெட்டாலும் ஒரு துண்டுதான் கெடும்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். பவர் செட்டிங்கில் யுஎஸ்பியைத் தூங்கவைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். மைக்குகளை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸும் டிஸ்க்கும் ஒரே ஹப்பில் வேண்டாம், ஆளுக்கொரு போர்ட். டிஸ்க்கோடு வரும் குட்டைக் கேபிளை லேப்டாப் மூடியின் பின்பக்கம் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். களத்தில் குழந்தைகள் மேசைக்கு அடியில் புகுந்து போவார்கள், தடுக்க முடியாது. கூத்து முடிந்ததும் தூங்கப் போகுமுன் பிரதி எடுங்கள். யுஎஸ்பி 3-இல் 33 ஜிபி ஆறேழு நிமிஷ வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். பிரதி டிஸ்க்கைப் பகலில் வண்டி சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், வெயிலில் ஓடவிடவும் வேண்டாம். பல போர்ட்டபிள் டிஸ்க்குகளுக்கு ஓடும்போது 35 டிகிரிதான் எல்லை என்று போட்டிருக்கிறார்கள். நம் வேலூர்ச் சித்திரை வெயில் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

கேள்வி: டிஸ்க்கைச் சொருகினால் வயர்லெஸ் மவுஸ் திக்குகிறது, காலர் மைக்கிலும் விட்டு விட்டுச் சத்தம் வருகிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?
- ஆற்காட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: இல்லையம்மா, டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் கசியும். உங்கள் மவுஸும், அநேகமாக அந்த மைக்கும் அதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. ரிசீவரை ஓர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் சொருகி டிஸ்க்கிலிருந்து தள்ளி வையுங்கள். இடமில்லை என்றால் டிஸ்க்கை யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றுங்கள். பேச்சுப் பதிவுக்கு அந்த வேகமே மிச்சம்.

கேள்வி: 16 டிபி எஸ்எஸ்டி இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவாக ஆன்லைனில் பார்த்தேன். வாங்கலாமா?
- ராணிப்பேட்டை வாசகர்

பதில்: வேண்டாம். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டி, 16 டிபி என்று பொய் சொல்லவைத்திருப்பார்கள். கொள்ளளவு தீர்ந்த பிறகும் எழுதுவது போலவே காட்டும், திறந்தால் கோப்பில் ஒன்றும் இருக்காது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், டிஸ்க் முழுக்க எழுதிப் படித்துச் சரிபார்க்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. அதில் ஒன்றை ராத்திரி ஓடவிடுங்கள். பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பார்த்துவிடுங்கள்.