மெடல் வாங்கித் தந்த உதை பஸ் ஸ்டாப்பில் கைகொடுக்குமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. ஆறாம் வகுப்பிலிருந்து டேக்வாண்டோ கற்கிறாள், மாவட்டப் போட்டிகளில் மெடல் வாங்கியிருக்கிறாள். இந்த வருஷம் காலேஜ். வண்ணார்பேட்டையில் பஸ் ஏறி வீடு வந்துசேர இரவு எட்டரை ஆகிவிடும். “அதெல்லாம் விளையாட்டுக்குத்தான் மாப்ளே, ஆபத்துக்கு உதவாது. சிலம்பத்துல சேத்து விடு” என்கிறார் என் மச்சான். மாற்றிவிடலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

மாற்ற வேண்டாம். நிஜமாகவே தன்னை உதைக்க வருகிற ஒருத்திக்கு எதிரே கண்ணை மூடிக்கொள்ளாமல் நிற்க உங்கள் மகள் வருஷக்கணக்காகப் பழகியிருக்கிறாள். எதிராளியின் தூரத்தைக் கணிப்பதும், அடி விழுந்த பிறகும் நிதானம் தவறாமல் இருப்பதும் எதிர்த்து நிற்கிற ஆளோடு மோதித்தான் வரும். இரண்டு நாள் தற்காப்பு முகாமில் வராது.

ஆனால் போட்டி விதி எதைத் தடுக்கிறதோ, அது பயிற்சியிலிருந்தும் காணாமல் போய்விடும். டேக்வாண்டோவில் முகத்தில் குத்தக் கூடாது, இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது, ஆளைப் பிடிக்கக் கூடாது. உடம்பில் உதைத்தால் 2 புள்ளி, தலையில் 3, சுழன்று தலையில் உதைத்தால் 5. புள்ளி கூடுதலாகக் கிடைக்கிற இடத்துக்குத்தானே கால் போகும்? முகத்துக்குக் குத்து வராது என்பதால் கையைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் நின்று, உயர உதைப்பதே பழக்கமாகிவிடுகிறது. தோளில் பையும் காலில் செருப்புமாக, மழை பெய்த ரோட்டில் அதே உதையை வீசினால் ஊன்றிய கால் வழுக்கும்.

கராத்தேயிலும் இதே கதைதான். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டியில் சவூதியின் தாரெக் ஹமேதி 4–1 என்று முன்னிலையில் இருந்தார். அவர் தலையில் விட்ட உதையில் ஈரானின் சஜாத் கன்ஜ்சாதே மயங்கி விழுந்தார். அளவு மீறிய அடி என்று ஹமேதியைத் தகுதி நீக்கினார்கள். தங்கம் மயங்கிக் கிடந்தவருக்குப் போனது. விளையாட்டுக்கு அது நியாயமான விதி, பிள்ளைகள் பிழைத்திருக்க வேண்டுமே. ஆனால் தொட்டதும் காலை இழுத்துக்கொள்ளும் பழக்கம் உடம்பில் ஊறிவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

உங்கள் மகளுக்கு இல்லாதது பிடியிலிருந்து விடுபடும் பழக்கம். தொல்லை பெரும்பாலும் கையைப் பிடிப்பதில்தான் ஆரம்பிக்கும். அப்போது எல்லோரும் கையை நேராகப் பின்னால் இழுப்பார்கள். பிடித்தவனின் நான்கு விரல்களின் பலமும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அதனால் கை வராது. கட்டை விரலும் மற்ற விரல்களும் சந்திக்கிற இடம்தான் பிடியின் பலவீனம். மணிக்கட்டின் ஒல்லியான விளிம்பை அந்த இடைவெளிக்கு நேராகத் திருப்பி, ஒரு எட்டு முன்னால் வைத்து, முழங்கையை அவன் முழங்கையை நோக்கிக் கொண்டுபோய் மடக்க வேண்டும். கட்டை விரல் தானாக விட்டுவிடும். ஒரு கையை இரண்டு கையாலும் பிடித்தால், அவன் கைகளுக்கு நடுவே மற்ற கையை நுழைத்து, தன் முஷ்டியைத் தானே பற்றி மேல்நோக்கி இழுக்க வேண்டும். தலைமுடியைப் பிடித்தால் இரண்டு கையாலும் அவன் கையைத் தலையோடு அழுத்திக்கொண்டு, அவன் பக்கமே திரும்பி, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் உதைப்பது நல்லது.

கீழே விழுந்தால் எழுவது தனிப் பாடம். முதுகைக் காட்டிப் புரண்டு எழக் கூடாது. வலது கையைப் பின்னால் ஊன்றி, இடது பாதத்தைப் பதித்து, வலது காலால் அவனைத் தள்ளி நிறுத்தி, இடுப்பைத் தூக்கி, அதே காலை உடம்புக்கு அடியில் பின்னுக்கு இழுத்து எழ வேண்டும். இடது கை முகத்துக்கு முன்னால் இருக்கட்டும்.

இதையெல்லாம் வாரம் இரண்டு நாள், வலது, இடது என்று பக்கத்துக்குப் பத்து முறை வீதம் மூன்று மாதம் செய்தால் போதும். பிடிப்பவர் அவளைவிட 15, 20 கிலோ கூடுதலான அண்ணனாகவோ சித்தப்பாவாகவோ இருக்கட்டும். விட்டுக்கொடுத்துப் பிடித்தால் அந்தப் பயிற்சி வீண். முதல் இரண்டு வாரம் மெதுவாக, பிறகு நிஜமாக. சில நாள் யூனிஃபார்ம் இல்லாமல் சுடிதார், செருப்பு, பையோடு செய்யச் சொல்லுங்கள். துப்பட்டாவை இரண்டு தோளிலும் ஊக்குக் குத்திக் கழுத்தைச் சுற்றிப் போடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடட்டும். இழுத்தால் அது கழுத்தை இறுக்கும்.

மச்சான் சொன்ன சிலம்பம் அருமையான கலை. காலடியும் பக்கப் பார்வையும் அதில் வருகிற மாதிரி வேறெதிலும் வராது. ஆனால் போட்டிச் சிலம்பமும் தொட்டால் புள்ளி என்கிற விளையாட்டுத்தான், பஸ்ஸில் கம்பும் கொண்டுபோக முடியாது. சேர்ப்பதாக இருந்தால் வெறுங்கையால் அடிக்கும் குத்துவரிசையும் ஆளைப் பிடித்து மடக்கும் பிடிவரிசையும் கற்றுக்கொடுக்கிற ஆசானாகப் பாருங்கள். ஜூடோ கிடைத்தால் அதைவிட நல்லது, அடிபடாமல் விழக் கற்றுத்தருவார்கள்.

கத்தியோ அரிவாளோ தெரிந்தால் ஓட்டம் ஒன்றுதான் வழி. வெறுங்கையால் கத்தியைப் பிடுங்கக் கற்றுத்தருகிறோம் என்கிற வகுப்பு எதையும் நம்பாதீர்கள். செயினை இழுத்தால் விட்டுவிடச் சொல்லுங்கள், பைக்கோடு இழுபடுவதுதான் உயிருக்கு ஆபத்து. விடுபட்ட அடுத்த நொடி வெளிச்சமும் ஆளும் உள்ள கடைப் பக்கம் ஓட வேண்டும், சத்தம் போட வேண்டும், 112-ஐ அழைக்க வேண்டும். சத்தம் போடுவதையும் பயிற்சியில் சேருங்கள், பழகாத தொண்டை அந்த நேரத்தில் அடைத்துக்கொள்ளும்.

சட்டம் அவள் பக்கம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது என்கிறது 37-ஆம் பிரிவு. ஓடுகிறவனைத் துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பில் சேராது.

போட்டி நெருங்குகிற கடைசி மூன்று வாரம் மட்டும் இந்தப் பிடிப் பயிற்சியை நிறுத்தி வையுங்கள். பழக்கதோஷத்தில் களத்தில் எதிராளியைப் பிடித்துவிட்டால், அது தண்டமாகி எதிராளிக்கு 1 புள்ளி போய்விடும்.